எட்டரை மணிக்குள் வெளுத்த சுவர்

காலை ஆறரைக்கு இரும்புக் கதவைத் திறந்து, எட்டரைக்கு முதல் மணி அடிப்பதற்குள் ஒரு பள்ளிக்கூடத்தையே நேற்றுத்தான் கட்டி முடித்ததுபோல் ஆக்கிவைத்த கைகளுக்குச் சொந்தக்காரரே, கருவடிக்குப்பத்திலிருந்து இருபத்தொன்பது ஆண்டுகள் சைக்கிளில் வந்தும் மழையைச் சாக்குச் சொல்லி ஒருநாளும் பிந்தாதவரே, பினாயில் வாசனை வந்தவுடன் திரும்பிப் பார்க்காமலே பிள்ளைகள் சொல்லும் பெயருக்கு உரியவரே, எங்கள் கன்னியம்மாள் அக்கா அவர்களே, வணக்கம்.

ஓய்வு பெறுகிறவரை முன்னால் உட்காரவைத்து, நீங்கள் அப்படிப்பட்டவர், இப்படிப்பட்டவர் என்று படிப்பதுதான் பாராட்டு மடலின் வழக்கம். அதற்கு நீங்கள் உட்கார்ந்திருக்க மாட்டீர்கள். ஹரிகிருஷ்ணன் சார் ஓய்வுபெற்ற விழாவில் மேடையில் உங்கள் பெயரை ஒரே ஒருமுறை சொன்னதற்கே, டீ கொதிக்கிறது என்று எழுந்து போய்விட்டீர்கள். அன்றைக்கு டீ கடையிலிருந்து கேனில் வந்திருந்தது. ஆகவே நடுவில் வரும் பகுதியை வேறு யாரோ ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்கிறோம். நீங்களும் யாருடைய கதையோ என்று கேட்டுக்கொண்டு இருங்கள். முதல்வர் நிர்மலாதேவி அம்மா முழுவதையும் படித்துப் பார்த்துவிட்டு, தன்னைப் பற்றியது உட்பட எதையும் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பெண் துப்புரவுப் பணியாளராக இந்தப் பள்ளிக்கு வந்தாள். அவள் வாளியில் துடைக்கும் துணி, தேங்காய் நார், தின்னர் பாட்டில், கிழிந்த உப்புத்தாள், அரை டப்பா சுண்ணாம்பு எல்லாம் இருக்கும். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். எழுத்தைக் கூட்டித்தான் படிப்பாள். ஆனால் சுவரில் இருப்பதை அவளைப் போல் படித்தவர்கள் இந்தப் பள்ளியில் வேறு யாரும் இல்லை. கணக்கு வாத்தியாருக்குக் கொம்பு வரைந்திருந்தால் உடனே துடைப்பாள். இதயமும் அம்பும் வரைந்திருந்தால் ஒருநாள் விட்டுவைப்பாள். ஏன் என்று கேட்டால், "பாவம், அந்தப் பொண்ணு பாக்கிறதுக்குள்ள அழிச்சா வரைஞ்சவன் மனசு என்னா ஆவும்" என்பாள். மறுநாள் அதுவும் போய்விடும்.

பத்து ஆண்டுகளுக்கு முன்பு கழிவறைச் சுவரில் புதிதாக இரண்டு படங்கள் வரத் தொடங்கின. ஒன்று சுறாவின் முதுகுத் துடுப்பு. இன்னொன்று மூன்று முனைக் கிரீடம். பள்ளிக்கு வெளியே பைக்கில் சாய்ந்து நிற்கும் பெரிய பையன்கள் இரண்டு கோஷ்டியாக இருந்தார்கள். அவர்கள் போடும் குறிகள் அவை. உள்ளே இருக்கும் பிள்ளைகளில் நாலைந்து பேர் அவர்களைப் பார்த்துப் புருவத்தில் கோடு போட்டுக்கொண்டு வந்தார்கள். அவர்கள்தான் இந்தப் படத்தையும் வரைந்தார்கள்.

வாசல் காவலர் இராமதாஸ்தான் முதலில் கேட்டார். "ஏக்கா, இதுக்குப் போயி இந்தக் காலையில தின்னரப் போட்டு இந்தத் தேய் தேய்க்கிறியே?"

"ஒத்தையா இருந்தா கிறுக்கலு, இராமதாசு. பக்கத்துல இன்னொன்னு வந்தா சண்டை. ரெண்டாவது வர்றதுக்குள்ள மொதலத் தொடச்சிடணும்."

அவ்வளவுதான் அவளுடைய சட்டம். சுவர் என்றால் சுண்ணாம்பு. கதவு என்றால் தின்னர். டெஸ்க்கில் காம்பஸ் முனையால் ஆழமாகச் செதுக்கிவிட்டால் தேய்த்துப் பயனில்லை. அதற்கு மரவேலைக்காரரிடம் மரத்தூள் கேட்டு வாங்கி, கோந்தில் குழைத்து, குழியை அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு, மேலே கொஞ்சம் வார்னிஷ் தடவிவிடுவாள். கிட்டே போய்ப் பார்த்தாலும் மரத்தின் கண் போலத்தான் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை. குப்பை அள்ளியதை யாராவது போய்ச் சொல்வார்களா? அவளுக்கு இதுவும் குப்பைதான்.

இரண்டு ஆண்டுக்கு முன்பு பேருந்து நிறுத்தத்தில் ஒரு கைகலப்பு நடந்தது. நம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருவனுக்கு முன்பல் உடைந்தது. பெற்றோர்கள் வாசலில் கூடினார்கள். அப்போதுதான் பொறுப்பேற்றிருந்த முதல்வர் அம்மா ஒழுங்குக் குழு அமைத்தார். புருவக் கோடு, கோஷ்டிக் கயிறு, கோஷ்டிப் படம் எதுவும் பள்ளிக்குள் கூடாது, மீறினால் டி.சி. என்று சுற்றறிக்கை வந்தது. தடை சரியானதுதான். அதில் எங்களுக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் குழு இன்னும் இரண்டு காரியம் செய்தது. எந்தெந்தப் படம் தடை என்று எல்லோருக்கும் தெரிய வேண்டாமா என்று, பன்னிரண்டு குறிகளை வண்ணத்தில் அச்சடித்து ஒவ்வொரு தாழ்வாரத்திலும் ஒட்டியது. அடுத்து, சுவரில் எது இருந்தாலும் அழிக்கக் கூடாது, அது சாட்சியம், புகைப்படம் எடுத்த பிறகுதான் கை வைக்க வேண்டும் என்று எழுதி, அந்தப் பெண்ணிடம் கையெழுத்து வாங்கியது.

போஸ்டரை அவள் தலையைச் சாய்த்து நெடுநேரம் பார்த்தாள். "நான் எட்டு வருஷமா அழிச்சத எல்லாம் கலர்ல போட்டு நீங்களே ஒட்டிட்டீங்களே சார்."

உடற்கல்வி ஆசிரியர் கலைவாணன் சார்தான் குழுவின் செயலாளர். "விழிப்புணர்வு, கன்னியம்மா. ஒனக்குப் புரியாது" என்றார். இதையும் விடாமல் இங்கே சொல்லச் சொன்னவர் அவரேதான்.

பத்தே நாள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைந்து, யாருடையது அழகு என்று போட்டி வைத்தார்கள். கழிவறையில் சுறாவுக்குப் பக்கத்தில் கிரீடம், கிரீடத்தின் மேல் பெருக்கல் குறி, அதற்குப் பதிலாக இன்னும் பெரிய சுறா. புகைப்படம் எடுக்க வேண்டியவருக்குத் தேர்வுப் பணி வந்துவிட்டது. அந்தப் பெண் காலையில் வாளியைத் தூக்கிக்கொண்டு போய், சுவரைப் பார்த்துவிட்டு, தரையை மட்டும் கழுவிவிட்டுத் திரும்பினாள். அந்த வாரத்தில் மூன்று முறை இடைவேளையில் அடிதடி.

அப்போதுதான் ஐப்பசி மழை. பதினொன்றாம் வகுப்பு அறையில் ஓடு ஒழுகி, ஜன்னலோர டெஸ்க் ஒன்று இரவெல்லாம் நனைந்தது. காலையில் வந்த ஆசிரியர் பார்த்தார். நேற்றுவரை வழவழப்பாக இருந்த பலகையில், விரல் நுனி பதியும் ஆழத்துக்கு ஒரு சுறாத் துடுப்பு.

அது செம்மல் உட்காரும் இடம். சாரம் பகுதியிலிருந்து வருகிற பையன். கேட்டாலொழியப் பேசமாட்டான். "நான் செய்யல சார்" என்று ஒருமுறை சொன்னான். மறுபடி கேட்டபோது அதையும் சொல்லவில்லை. குற்றவாளி என்பதால்தான் வாயடைத்து நிற்கிறான் என்று குழு நினைத்தது.

மறுநாள் பதினொரு மணிக்கு அவன் அம்மா பாக்கியலட்சுமி தையல் கம்பெனியில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தார். முதல்வர் அறை மேசையில் டி.சி. எழுதித் தயாராக இருந்தது. நடத்தை என்ற இடத்தில் மட்டும் எதையும் எழுதாமல் விட்டிருந்தார்கள். ஆண்டின் நடுவில், அந்த இடத்தில் ஒரு மோசமான சொல்லோடு வெளியே போகும் பிள்ளையை எந்தப் பள்ளி சேர்க்கும்? பாதியில் நின்ற படிப்பு மறுபடி தொடங்குவது எவ்வளவு அபூர்வம் என்று எங்களில் சிலருக்குத் தெரியும்.

அந்தப் பெண் தாழ்வாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே பேசியது அத்தனையும் காதில் விழுந்தது. அவளுக்கு விஷயம் அப்போதே விளங்கிவிட்டது. அந்தக் குழியை அடைத்தது அவள். மழையில் கோந்து ஊறி, மரத்தூள் உதிர்ந்துவிட்டது. சொன்னால் செம்மல் தப்புவான். ஆனால் இத்தனை ஆண்டுகளாக மேலிடத்துக்குத் தெரிவிக்காமல் மறைத்தவள் என்று அவள்மேல் மெமோ வரும். ஓய்வுக்கு இரண்டே ஆண்டு. சொல்லாமல் போனால் யாருக்கும் தெரியப்போவதில்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு படி வரைக்கும் போனாள். அங்கே செம்மல் புத்தகப்பையை மடியில் வைத்து, அதன் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக உட்கார்ந்திருந்தான்.

அவள் திரும்பி வந்து, ஈரக்கையோடு முதல்வர் அறைக்குள் நுழைந்தாள்.

"மேடம், அது நான் செஞ்சது."

"எது?"

"செதுக்கினது இல்ல. அடைச்சது."

கலைவாணன் சார் எழுந்துவிட்டார். "என்னா கன்னியம்மா, இதுல நீ எங்கேர்ந்து வந்த? பாவம்னு பொய் சொல்லாத."

"பொய்யின்னா நீங்களே வந்து பாருங்க சார். அஞ்சு நிமிஷம்."

எல்லோரும் அந்த அறைக்குப் போனார்கள். பிள்ளைகளை எழுந்து சுவரோரம் நிற்கச் சொன்னார்கள். அவள் நனைந்த டெஸ்க்கின் குழியைக் காட்டினாள். "புதுசா செதுக்கினா உள்ள மரம் வெளுப்பா இருக்கும். இது பாருங்க, கறுத்துக் கெடக்கு. ஓரத்துல என்னோட கோந்து இன்னும் ஒட்டியிருக்கு."

"இத எப்ப அடைச்ச?" என்றார் முதல்வர்.

"ஆறு வருஷம் இருக்கும் மேடம். அப்ப இது மேல்மாடியில பன்னெண்டாவதுல கெடந்த டெஸ்க்கு. பரீட்சைக்கு எறக்கினாங்க, மறுபடி ஏத்தல. இந்தப் புள்ள அப்ப அஞ்சாவது. இந்தப் பள்ளியிலயே இல்ல."

கலைவாணன் சார் இன்னும் நம்பவில்லை. அவள் தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவினாள். பக்கத்து டெஸ்க்குக்குப் போய், மரத்தின் கண் போலிருந்த ஓரிடத்தில் குத்தி நெம்பினாள். தூள் கட்டியாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே ஒரு கிரீடம். அதற்கடுத்த டெஸ்க். இன்னொரு சுறா. தான் ஆண்டுக்கணக்காக உட்கார்ந்து அடைத்த ஒவ்வொன்றையும், தன் கையாலேயே பெயர்த்துக்கொண்டு வரிசையாகப் போனாள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த நாளெல்லாம் அவளுக்கு நினைவு வந்திருக்கும். முகத்தில் எதுவும் தெரியவில்லை. கடைசி வரிசையில் நிமிர்ந்து, கூந்தலை முடிந்து, ஊசியைச் செருகினாள்.

"பதினாலு மேடம். இவனுக்கு டி.சி. குடுத்தா, இங்க ஒக்காந்திருக்கிற இன்னும் பதிமூணு பேருக்கும் எழுதணும்."

பின்வரிசைப் பையன் ஒருவன், "மேடம், நான் நேத்துதான் எடம் மாறி வந்தேன்" என்றான். முதலில் சிரித்தவர் கலைவாணன் சார். பிறகு அறை முழுவதும் சிரித்தது. பாக்கியலட்சுமி மட்டும் சிரிக்கவில்லை. வாசலிலேயே உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

முதல்வர் அம்மா டி.சி.யின் குறுக்கே "ரத்து" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த தாளில் அவளுக்கு மெமோ எழுதுவார் என்று நாங்கள் பயந்தோம். அவர் எழுதியது வேறு. ஒழுங்குக் குழுவின் ஆறாவது உறுப்பினர், திருமதி கன்னியம்மாள், துப்புரவுப் பணியாளர்.

போஸ்டர்கள் அன்று மாலையே இறங்கின. தடை அப்படியே இருக்கிறது. காலை ஏழு மணிக்கு அவள் சுற்றிவருவாள். எதையாவது பார்த்தால் இராமதாஸ் போனில் படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்புவார். எட்டரைக்குள் அது சுவரில் இருக்காது. யார் வரைந்தது என்று அவள் சொன்னால் பெரும்பாலும் சரியாக இருக்கும். அந்தப் பிள்ளையையும் பெற்றோரையும் அழைத்து, கதவைச் சாத்திவிட்டு, முதல்வர் அம்மா பேசுவார். தன் பெயரை யாரும் பார்க்காத சுவரில் எழுத எவனுக்குத்தான் தொடர்ந்து பிடிக்கும்? பைக்குகள் வாசலிலிருந்து ஒவ்வொன்றாகக் கலைந்தன. இந்த இரண்டு ஆண்டில் அடிதடி என்று ஒரு பிள்ளையும் இங்கிருந்து மருத்துவமனைக்குப் போகவில்லை.

இதோடு அந்தப் பெண்ணின் கதை முடிகிறது. இனி மறுபடி உங்களிடமே பேசுகிறோம், அக்கா. எழுந்திருக்காதீர்கள், டீ ஆறிவிடாது.

செம்மல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, பாலிடெக்னிக் சேர்ந்துவிட்டான். அம்மாவோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். ஒரு வார்த்தை பேசச் சொன்னோம். வழக்கம்போல் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டான். ஆனால் இந்த விழாவுக்கு நாற்காலிகளை இறக்கி வரிசையாகப் போட்டவன் அவன்தான்.

இன்று காலை நடந்ததையும் சேர்த்துவிடுகிறோம். கடைசி நாளிலாவது உங்களுக்கு முன்னால் வந்துவிட வேண்டும் என்று நாங்கள் ஆறு மணிக்கே வந்தோம். நீங்கள் அதற்கும் முன்பே வந்து, வாளியோடு சைக்கிள் கொட்டகைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். சுவரில் கரித்துண்டால் ஒரு வட்டம். வட்டத்துக்குள் ஒரு துடைப்பம். கீழே இரண்டு எழுத்து, "க. அ."

"ஒன்பதாவது பி பசங்க" என்றீர்கள். "வட்டம் எப்பவும் கோணலாத்தான் வரும் அவனுங்களுக்கு."

"இது இருக்கட்டும்க்கா. ஒங்களுக்காகப் போட்டது" என்றோம்.

"எனக்குன்னா மட்டும் சட்டம் மாறிடுமா?" துணியை வாளியில் நனைத்துப் பிழிந்தீர்கள். பிழிந்த துணியைச் சிறிது நேரம் கையிலேயே வைத்திருந்தீர்கள். பிறகு உதறி, வாளியின் விளிம்பில் போட்டீர்கள். "ஒரு நாள் டயம். நாளைக்கு எட்டரைக்குள்ள அழிச்சிடணும்."

நாளைக்கு நீங்கள் வர மாட்டீர்கள் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. உங்களுக்கும் உறைத்திருக்க வேண்டும். வாளியை எங்கள் பக்கம் நகர்த்திவைத்தீர்கள்.

அக்கா, நாளை ஆறரைக்கு நாங்கள் கதவைத் திறப்போம். ஏழு மணிக்குச் சுற்றிவருவோம். எட்டரைக்குள் அந்தத் துடைப்பமும் சுவரில் இருக்காது. ஆகவே நாளைக் காலை அலாரம் வைக்காதீர்கள். வெயில் முகத்தில் படும்வரை தூங்குங்கள். முழங்கால் வலி குறைந்து, கண் தெளிவாக இருந்து, பேரப்பிள்ளைகள் உங்கள் வீட்டுச் சுவரில் கிறுக்குவதை ஒரு நாள் இல்லை, ஒரு வாரம் விட்டுவைத்து ரசிக்கும் பொறுமையோடு, நூறாண்டு நலமாக இருங்கள்.

இப்படிக்கு,
வாசல் காவலர் இராமதாஸ், மதிய உணவுக்கூடத்தார், அலுவலக உதவியாளர்கள், துப்புரவுப் பணியில் உங்கள் வாளியைப் பெற்றுக்கொண்டவர்கள்.
புதுச்சேரி.