மச்சினனின் கன்னம்

எனக்கு நிறங்கள் மேல் எந்தப் பகையும் இல்லை, தலைவரே. என் வீட்டுத் திரைச்சீலைகூட ஆரஞ்சு நிறம்தான். ஆனால் கறுப்பு வெள்ளைப் படம் எடுக்கிறவனுக்கு நிறம் என்பது வாசலை மறித்துக்கொண்டு நிற்கிற விருந்தாளி. அதை நகர்த்தினால்தான் உள்ளே இருக்கும் சொரசொரப்பும் மேடுபள்ளமும் கண்ணில் படும். ஓய்வு பெற்றபின் செங்கல் சுவர், மரப்பட்டை, முட்டைக்கோஸ் என்று பாதி உலகத்தை எடுத்துத் தீர்த்துவிட்டேன். நம் புகைப்படச் சங்கப் போட்டிக்கு மிச்சமிருந்தது மனித முகம்தான்.

கைக்கெட்டிய முகம் மச்சினனுடையது. என் மனைவியின் தம்பி. மனைவியை இழந்து எங்களோடு தங்கியிருக்கிறான். அறுபது தாண்டியும் உரித்த முட்டை மாதிரி மொழுமொழுவென்று இருந்தான். ஜன்னலோரம் உட்கார வைத்தால், வெளிச்சம் அவன் கன்னத்தில் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டது.

ஒரு நாள் காலையில் அவன் பல்செட்டைக் கழற்றியபோது பார்த்தேன். கன்னம் இரண்டும் உள்ளே போய், தாடை எழும்பி, அது வடிவம். தம்ளரில் கிடந்த பல்செட்டை எடுத்து என் லென்ஸ் பெட்டிக்குள் வைத்தேன். திருட்டு என்று சொல்லிவிடாதீர்கள். படத்துக்கு வேண்டாததை ஓரம் தள்ளுவதில்லையா, அவ்வளவுதான்.

மனைவி வீட்டையே தலைகீழாக்கினாள். நானும் கட்டிலுக்கடியில் தவழ்ந்து தேடி, முழங்காலுக்குத் தைலம் போட்டேன். புதுப் பல்செட்டுக்கு அளவு கொடுத்தார்கள். நான் பல் டாக்டருக்குப் போன் போட்டு, மச்சினன் வெளியூரில் இருக்கிறான், அவசரமில்லை என்று சொல்லிவைத்தேன். கஞ்சியே கதியென்று மெலிந்தான். எலும்பு ஒவ்வொன்றும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது.

வடிவம் வந்துவிட்டது, கோடுகள்தான் வரவில்லை. அதற்குக் கவலை வேண்டும்.

எதிர் வீதியில் ஓய்வு பெற்ற நர்சம்மா ஒருத்தி இருந்தாள். தன்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று அந்த வார ஞாயிற்றுக்கிழமை அவளிடம் கேட்டுவிடுவதாக இருந்தான் மச்சினன். அவளும் அதை எதிர்பார்த்துத்தான் இருந்தாள்.

"இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எப்படி மாமா போய் நிப்பேன்?" என்றான். பல்லில்லாமலும் 'மாமா' மட்டும் சுத்தமாக வந்தது.

"நீ போகாதே. வேணும்னா அவளே வருவா."

வந்தாள். அவன் குளித்துக்கொண்டிருந்தான். வாசலில் நான்தான் நின்றேன்.

"அவனுக்கு மனசு மாறிடுச்சும்மா. உங்ககிட்ட சொல்லக் கூச்சப்படுறான்."

தலையாட்டிவிட்டுப் போனவள், அந்த வாரமே மகள் ஊருக்குக் குடிபோய்விட்டாள். விவரம் தெரியாமல் ஜன்னலில் வீதியைப் பார்த்துக்கொண்டே கிடந்தான் பாருங்கள், நெற்றி உழுத வயலாகிவிட்டது. அவனுக்குத் தெரியாமல் ஒரே ஒரு படம். முதல் பரிசை உங்கள் கையாலேயே கொடுத்தீர்கள்.

லென்ஸ் பெட்டியைத் திறந்துவிட்டு மனைவி உங்களிடம் புகார் கொடுத்திருக்கிறாள். நியாயம்தான். பல்செட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வாசலில் நர்சம்மாவிடம் நான் சொன்னது மனைவிக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது; உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். பரிசை மட்டும் பிடுங்காதீர்கள். அவன் மேல் பாசம் இல்லாவிட்டால் இவ்வளவு பாடுபட்டிருப்பேனா?

பரிசுப் படங்களின் கண்காட்சிக்கு முதல் நாளே அவனைக் கைப்பிடித்துக் கூட்டிவந்தேன். தன் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றான்.

"யாரு மாமா இந்த ஆளு? பாவம், வீட்ல கவனிக்க யாருமே இல்லையா?"

ஒரு கலைஞனுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு உண்டா, சொல்லுங்கள்.