ஏலம் ரத்தானதற்குக் காரணம்

— பேனா கீழ விழுந்து உடைஞ்சிடுச்சுன்னு மட்டும் சொல்லிடாதீங்க மேடம். அதை ஏற்கெனவே வேற பேனா வித்த ரெண்டு பேர் சொல்லிட்டாங்க.

— நான் அப்படிச் சொல்லலையே சார். விக்கலன்னுதான் போட்டேன்.

— ஆன்லைன் ஏலம் முடிஞ்சாச்சு, நான் ஜெயிச்சாச்சு. நேர்ல வந்து வாங்கிக்கறேன்னு சொல்லி நீங்களும் விலாசம் அனுப்பியாச்சு. அதுக்கப்புறம் விக்கலன்னா எப்படி? பஸ்ல ஏறி உக்காந்தவனை எறங்குன்னு சொல்ற மாதிரி இருக்கு.

— வெயில்ல நின்னு பேச வேணாம், உள்ள வாங்க. அந்த ஸ்டூல்ல உக்காருங்க. பவுடர் ஒட்டும், துடைச்சிட்டு உக்காருங்க.

— என்ன மேடம் இது, ரூம் முழுக்கப் பல்லு.

— பல்செட்டு செய்யறேன். டாக்டருங்க அளவு எடுத்து அனுப்புவாங்க. நான் அச்சு ஊத்தி, ராவித் தேச்சுக் குடுப்பேன். பயப்படாதீங்க, எதுவும் கடிக்காது.

— நான் லிஃப்ட் மெக்கானிக். பயத்தைப் பாத்தா பொழப்பு நடக்காது. சரி, சொல்லுங்க பாப்போம், எவ்வளவு கூடத் தர்றேன்னான்?

— யாரு?

— பச்சைக்கிளி. ஏலத்துல கடைசி நிமிஷம் வரைக்கும் என்கூட மல்லுக்கட்டினானே, கிளிப் படம் போட்ட ஆளு. தோத்ததும் உங்களுக்குத் தனியா மெசேஜ் போட்டிருப்பான். அவனுக்கு ரத்து பண்ணிடுங்க, நான் பாத்துக்கறேன்னு. நான் பாக்காத கதையா.

— கிளியும் வரல, குருவியும் வரல.

— எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. போன வருஷம் ஒரு ரிடையர்டு வாத்தியார். ஆமை ஓடு மாதிரி வரி போட்ட பேனா. ஏலம் முடிஞ்ச மறுநாள், நாய் கடிச்சிடுச்சுன்னு எழுதினாரு. பாவம்னு விட்டுட்டேன். கொஞ்ச நாள் கழிச்சு அதே பேனா வேற பேர்ல ஏலத்துக்கு வருது. அதே கீறல், அதே இடத்துல. நாய் கடிச்ச தடத்தை மட்டும் காணோம்.

— நெஜமா நாய் வளத்தாரா?

— போன் போட்டுக் கேட்டேன். நாய் செத்துப்போச்சுன்னுட்டாரு.

— சிரிக்கக் கூடாதுன்னு பாக்கறேன்.

— சிரிங்க, பரவால்ல. என் வீட்டுலயும் சிரிக்கறாங்க. விக்கறவங்க நினைச்ச அளவுக்கு விலை ஏறலன்னா போதும், பேனாவுக்குக் கால் முளைச்சிடும். ஒருத்தருக்குத் தொலைஞ்சுபோகும், ஒருத்தருக்கு மாப்பிள்ளை எடுத்துட்டுப் போயிடுவாரு. உங்களுக்கு என்ன ஆச்சு? காரணம்னு இருக்கற இடத்துல ஒரு புள்ளி வெச்சு அனுப்பியிருக்கீங்க. வெறும் புள்ளி.

— எதையாவது எழுதினாத்தான் அந்த ஆப் விடுது. எனக்கு எழுத வரல.

— அப்போ பேனா கைமாறிப் போயிடுச்சு. ஒத்துக்கங்க, நான் கிளம்பறேன்.

— பேனா இங்கதான் இருக்கு. பாக்கறீங்களா?

— காட்டுங்க பாப்போம். இருங்க, லென்ஸ் எடுத்துக்கறேன். வேற ஏதாவது பழசை எடுத்துக் காட்டினாலும் கண்டுபிடிச்சிடுவேன், சொல்லிட்டேன். மூடி வளையத்துல தலைமுடி மாதிரி ஒரு விரிசல். போட்டோவைப் பெருசு பண்ணி எத்தனையோ தடவை பாத்தது. ம். இருக்கு. இதே பேனாதான்.

— அடப்பாவமே, இப்படி உத்து உத்துப் பாக்கறீங்க.

— இந்த மாடலை நான் தேடாத இடமில்ல மேடம். அதை விடுங்க. கையில வெச்சிக்கிட்டே விக்கலன்னா, என்னதான் காரணம்?

— நீங்கதான்.

— நானா?

— தண்ணிச் சோதனை பண்ணச் சொன்னது யாரு? பின்னாடி திருகித் தண்ணி இழுக்குதான்னு பாத்து வீடியோ அனுப்புங்கன்னு திருப்பித் திருப்பி எழுதினீங்களே.

— பழைய பேனா வாங்கறவன் எவனும் அதைக் கேப்பான். உள்ள இருக்கற வாஷர் போயிருந்தா அப்புறம் யார்கிட்டப் போய் அழறது?

— நீங்க கேக்கலன்னா பஞ்சுல சுத்தி டப்பாவுல வெச்சு உங்க கையில குடுத்திருப்பேன். நாளைக்குக் காலையில நிம்மதியாக் கிளம்பியிருப்பேன்.

— எங்க?

— அது அப்புறம். முதல்ல ஒண்ணு சொல்லுங்க. பேனாவுல ஊத்தின மை எத்தனை நாள் காயாம இருக்கும்?

— பேச்சை மாத்தாதீங்க.

— மாத்தல சார். இதுதான் பேச்சு.

— மூடி நல்லா இறுக்கமா இருந்தா, எழுதாம வெச்சாலும் ரெண்டு மூணு மாசம் தாங்கும். இந்த மாடலுக்கு மூடி கொஞ்சம் லூசு. ஒரு மாசமே ஜாஸ்தி.

— ஏழு வருஷம்?

— ஏழு வருஷத்துல மை எங்க இருக்கும்? உள்ள பொருக்குத் தட்டிப் போயிருக்கும். திருகக்கூட முடியாது.

— அப்போ இந்த அச்சைப் பாருங்க. இங்க, கடைவாய்ப் பல்லுகிட்ட. நீலமா தெரியுதா? உள்ள இருக்கறதை முதல்ல வெளியேத்திட்டுத் தண்ணி இழுங்கன்னு எழுதியிருந்தீங்கல்ல. அதுக்குத்தான் திருகினேன். அல்வா மாதிரி சுத்துச்சு. சொட்டு சொட்டா விழுந்துச்சு.

— காய்ஞ்ச மைமேல தண்ணி பட்டாலும் கலர் வரும்.

— தண்ணிக் கிண்ணம் அப்போ சமையல்கட்டுல இருந்துச்சு. நான் இன்னும் கொண்டே வரல.

— நல்ல கதை. நாய்க் கதையைவிட நல்லா இருக்கு. நீங்களே என்னைக்கோ ஊத்தி எழுதிப் பாத்துட்டு மறந்திருப்பீங்க.

— நான் நீல மையைக் கையால தொட்டு வருஷக் கணக்காச்சு. டாக்டருங்களுக்கு எழுதறதெல்லாம் பென்சில்தான். நம்பலன்னா நிப்பைப் பாருங்க. இந்த வெளக்கை இப்படி இழுத்துக்கங்க, நல்லா வெளிச்சம் வரும்.

— குடுங்க. ம். நிப்புக்கு அடியில இருக்கற கோட்டைப் பாருங்க, இதுலதான் மை இறங்கி வரும். பழைய மைன்னா இங்க பச்சையாப் பாசி மாதிரி கட்டியிருக்கும். இது சுத்தமா இருக்கு. ஓரத்துல ஈரம்கூட இருக்கு. மேடம், இதுல மை ஊத்தி ஒரு மாசம்கூட ஆகல. சும்மா ஊத்தி வெச்சதும் இல்ல, யாரோ எழுதிட்டே இருக்காங்க.

— அதை விவரம் தெரிஞ்ச ஒருத்தர் வாயால கேக்கணும்னு இருந்தேன். அதுக்குத்தான் உங்களை உள்ள வாங்கன்னேன்.

— யாரோட பேனா இது?

— எங்க வீட்டுக்காரரோடது. ஆத்துப் பாலத்து மேல பைக்கை நிறுத்திட்டுப் போனவரு. பைக் கிடைச்சுது, செருப்பு கிடைச்சுது. ஆளு கிடைக்கல. தேடித் தேடி ஏழு வருஷம் ஓடிப்போச்சு.

— அய்யோ. எனக்குத் தெரியாது மேடம். நான் பாட்டுக்கு நாய், கிளின்னு பேசிட்டு இருக்கேன்.

— இருக்கட்டும். இத்தனை வருஷம் ஆளைக் காணலன்னா இறந்ததா எடுத்துக்கலாம்னு கோர்ட்டுலயும் சொல்லிட்டாங்க. நாளைக்குக் காலையில எனக்கு ரிஜிஸ்டர் கல்யாணம்.

— நாளைக்கா?

— ஸ்கூல் வேன் ஓட்டறவரு. அவருக்கும் ரெண்டாவதுதான். ஒரு பொண்ணு இருக்கா. இந்தப் பல்லையெல்லாம் வரிசையா அடுக்கி வெச்சு இங்கதான் கடை விளையாடுவா. இப்பவே என்னை அம்மான்னு கூப்பிட ஆரம்பிச்சிட்டா. நாளைக்கு நான் கையெழுத்துப் போடலாமா கூடாதா அண்ணே? அதைத்தான் இந்த மைகிட்டக் கேட்டுட்டு உக்காந்திருக்கேன்.

— இரும்மா, பதறாத. ஒண்ணொண்ணாப் பாப்போம். பேனா இத்தனை நாளா எங்க இருந்துச்சு?

— எங்க அத்தைகிட்ட, அவரு அம்மாகிட்ட. ரெண்டு தெரு தள்ளித் தனியா இருக்காங்க. என் புள்ளை பேனான்னு சொல்லி அந்த மாசமே எடுத்துட்டுப் போய் பீரோவுல வெச்சுப் பூட்டிட்டாங்க.

— அப்புறம் உன் கைக்கு எப்படி வந்துச்சு?

— கண்ணு ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில படுத்திருந்தாங்க. மாத்துத் துணி எடுக்க வேற ஆளில்லாம, மனசே இல்லாமத்தான் சாவி குடுத்தாங்க. புடவைக்கு அடியில இது இருந்துச்சு. கல்யாணமான புதுசுல என் சம்பளத்துல பழைய சாமான் கடையில தேடி அவருக்கு நான் வாங்கிக் குடுத்தது அண்ணே. கேக்காமத்தான் எடுத்தேன். புது வீட்டுக்கு அவரு சாமான் எதுவும் என்கூட வரக் கூடாது. தூக்கிப் போடவும் மனசு வரல. அருமை தெரிஞ்ச ஒருத்தர் கையில இருக்கட்டும்னுதான் ஏலத்துல போட்டேன்.

— எடுத்து எத்தனை நாளாச்சு?

— ரெண்டு வாரம்.

— அப்போ அங்க இருக்கும்போதுதான் ஊத்தியிருக்காங்க. அந்த வீட்டுக்கு யாரெல்லாம் வருவாங்க, சொல்லு பாப்போம். சொந்தக்காரங்க, பக்கத்து வீட்டுப் பசங்க?

— யாரும் வரமாட்டாங்க. பால்காரருக்கே ஜன்னல் வழியாத்தான் பாத்திரத்தை நீட்டுவாங்க.

— நீ போவல்ல?

— போவேன். முன்னெல்லாம் சமையல்கட்டு வரைக்கும் போவேன். இப்போ கொஞ்ச வருஷமா வாசல்லயே நிக்க வெச்சுப் பேசி அனுப்பிடறாங்க. தலை வலிக்குது, நாளைக்கு வாம்பாங்க. மறுநாளும் தலை வலிக்கும்.

— வருத்தமா இருக்கும்மா அவங்களுக்கு. மருமக வேற கல்யாணம் பண்ணிக்கப் போறா. மனசு ஏத்துக்க வேணாமா?

— அதான் இல்ல அண்ணே. கல்யாணம் பண்ணிக்கோன்னு முதல்ல சொன்னதே அத்தைதான். அவன் வரமாட்டான், எனக்குத் தெரியும், உன் வாழ்க்கையைப் பாருன்னு சொன்னாங்க. அப்போ நான் இன்னும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியா ஏறி இறங்கிட்டு இருந்தேன். எந்த மாமியார் இப்படிச் சொல்லுவான்னு ஊரே மெச்சுச்சு. நானும் கையெடுத்துக் கும்பிட்டேன்.

— பெரிய மனசுதான். இதுல சந்தேகப்பட என்ன இருக்கு?

— ஆஸ்பத்திரியிலேருந்து வந்தன்னைக்கே போன் பண்ணாங்க. ஒரு கண்ணுல கட்டு. அந்தக் கண்ணை வெச்சிக்கிட்டு பீரோவைத் தொறந்து பாத்திருக்காங்க. பேனாவை எங்கடி வெச்சன்னு கேட்டாங்க. அந்த மாதிரிக் குரல்ல அவங்க என்கிட்டப் பேசினதே இல்ல. நகை இருக்கான்னு கேக்கல. பேனா எங்கன்னுதான் திரும்பத் திரும்ப.

— நீ என்ன சொன்ன?

— நான் எடுக்கலன்னேன்.

— அவங்க?

— அவங்களுக்குப் பின்னாடி ஏதோ பாத்திரம் விழற சத்தம். உடனே போனை வெச்சிட்டாங்க.

— இங்க பாரு தங்கச்சி. நான் சந்தேகப் பிராணி. என் வீட்டுல கேட்டுப் பாரு, தபால்காரரையே ஒளிஞ்சு நின்னு பாக்கறவன் நான். நானே சொல்றேன், இதுல ஒண்ணுமில்ல.

— எப்படிச் சொல்றீங்க?

— நீ ஆராய்ச்சி பண்ணி வெச்சிருக்கறதை எல்லாம் கொஞ்சம் தள்ளி வெச்சிட்டு அந்தம்மாவை மட்டும் நினைச்சுப் பாரு. ஒரே புள்ளை. உடம்புகூடக் கிடைக்கல. கையில இருக்கறது அவன் பேனா ஒண்ணுதான். அது காஞ்சு போனா புள்ளையே காஞ்சு போன மாதிரி. அதனால கடையில ஒரு பாட்டில் மை வாங்கி ஊத்தியிருக்காங்க. கதவைச் சாத்திக்கிட்டு அவன் பேரை எழுதிப் பாத்திருக்காங்க, நாலு வரி மனசுல இருக்கறதைக் கொட்டியிருக்காங்க. யாராவது பாத்தா சிரிப்பாங்கன்னுதான் உன்னைக்கூட உள்ள விடல. பேனாவைக் காணோம்னதும் குரல் மாறாம என்ன பண்ணும்? புள்ளை ரெண்டாவது தடவை தொலைஞ்ச மாதிரி இருந்திருக்கும்.

— கேக்க நல்லா இருக்கு அண்ணே.

— நல்லா இருக்குன்னு சொல்லல, அதுதான் நெஜம்னு சொல்றேன். எனக்குப் பேனா வேணாம். ரத்து ரத்தாவே இருக்கட்டும், உன்மேல புகாரும் போடல. சாயங்காலம் கொண்டு போய் அத்தை கையில குடுத்து மன்னிப்புக் கேட்டுட்டு வந்திடு. காலையில போய் நிம்மதியாக் கையெழுத்துப் போடு. என்னம்மா, இன்னும் அப்படியே பாக்கற? நான் சொன்னதுல என்ன தப்பு?

— எங்க அத்தைக்கு எழுதத் தெரியாது அண்ணே. ஆபரேஷன் பேப்பர்லகூடக் கைநாட்டுதான் வெச்சாங்க.