ஆமீன் சொன்ன பக்கம்

அன்று கிடங்கில் இருந்தவர்கள் மூன்று பேர்: செய்யது மீரானாகிய நான், என் தங்கை ஜன்னத், நகல் எழுத வந்த ரஹீம். காவல்காரர் துரையை பைண்டிங் நூல் வாங்க டோல்கேட்டுக்கு அனுப்பியிருந்தேன். ஆகவே, இன்ஸ்பெக்டர் ஐயா, அவரை விசாரிப்பது வீண்.

ராயபுரத்தில் எங்கள் வீட்டைக் கிதாபு வீடு என்பார்கள். எகிப்திலும் ஷாம் என்கிற சிரியாவிலும் பூமி நடுங்கிய ஆண்டுகளை ஹிஜ்ரிக் கணக்கில் வரிசையாகச் சொல்லும் பழைய அரபுக் கையெழுத்துக் கிதாபு எங்களிடம் இருக்கிறது. முப்பாட்டனாருக்கு ஒரு சுல்தான் பரிசளித்தது என்பது வழிவழியாக வந்த செய்தி. ஆண்டுதோறும் நபி புகழ் பாடும் மவ்லிது முடிந்ததும் அதன் கடைசிப் பக்கத்தை நான் உரக்க ஓதுவேன். குடும்பத்தார் ஆமீன் சொல்வார்கள். வெளியாரைச் சேர்ப்பதில்லை. அரபு எழுத்தை ஓத எங்களுக்குச் சிறு வயதிலேயே கற்பித்துவிடுவார்கள். பொருள் கற்பிப்பதில்லை. அந்தப் பக்கம் முப்பாட்டனாருக்காக இறைவனிடம் வேண்டும் துஆ என்றே நம்பியிருந்தோம்.

போன ஆண்டு அஸ்ஸாமில் பூமி பிளந்த பிறகு, கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் நகல் கேட்டு எழுதினார். ரஹீமை அமர்த்தினேன். அரபு நன்றாகப் படித்தவர். மூன்று மாதம் எங்கள் தோல் கிடங்கிலேயே உட்கார்ந்து எழுதினார். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

"இன்னா பெரியவரே, இது வக்ஃபு கிதாபு. தெக்கத்திப் பள்ளிவாசல் ஒண்ணோட சொத்துன்னு எழுதிக்கீது. இத்த வெளிய எட்துகினு போறவன் மேலயும் அவன் வாரிசு மேலயும் அல்லாவோட சாபம் எறங்கட்டும்னு கீது."

தேநீர் கொண்டுவந்த ஜன்னத் சிரித்துவிட்டாள். "அப்போ வருசா வருசம் நம்மள நாமே சபிச்சுகினு ஆமீன் வேற சொன்னோமா, அண்ணே?"

அந்தப் பக்கத்தை விட்டுவிடும்படி ரஹீமிடம் மரியாதையாகவே சொன்னேன்.

"பூச்சி துன்ன எடத்தக்கூட அப்பிடியே காலியா உட்டு எழுதிக்கிறேன். இத்த முழுங்கினா நான் இன்னா நகல் எழுதறவன்? பள்ளிவாசலுக்கு ஒரு கடுதாசியும் போட்டுடறேன். அடுத்தவங்க பொருளு அமானிதம், பெரியவரே."

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையில் முதல் வரிசையில் நிற்கும் குடும்பம் எங்களுடையது. திருடனின் வாரிசாக நான் அங்கே நிற்க முடியாது. பின்வரிசைக்குப் போனாலும் காரணம் கேட்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான் இருந்தது. நீங்கள் என் இடத்தில் இருந்தால் புரிந்திருக்கும்.

மூலத்தின் பூச்சி நகலுக்கு ஏறாமல் இருக்க, இரண்டையும் ஒரு பகல் கந்தகப் புகையில் வைப்பது வழக்கம். அதற்கென்றே கிடங்கின் பின்னால் சன்னல் இல்லாத அறை இருக்கிறது. இரும்புக் கதவு. கடைசிப் பக்கத்தை முன்பே எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன். மற்ற ஏடுகளை அலமாரியில் பரப்ப ரஹீம் உள்ளே போனார். கதவோரச் சட்டியில் கந்தகம் நீலமாகப் பற்றியதும் சாத்திப் பூட்ட வேண்டும். அப்படியே செய்தேன். ரஹீம் வெளியே வரும்வரை காத்திருக்கவில்லை, அது ஒன்றுதான் வழக்கத்துக்கு மாறு.

ஜன்னத் என் கையைப் பிடித்து இழுத்தாள். "தொறங்கண்ணே, மனுசன் உள்ள கீறாரு." சாவியை நான் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து அவள் யாரிடமும் பேசுவதில்லை. குடும்பத்தின் மானம் அவளுக்கும் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

சாவி இதோ உங்கள் மேசைமேல் இருக்கிறது. பத்து நாளாகக் கதவைத் திறக்கவில்லை. தோல் கிடங்கில் என்ன வாடை என்று யாரும் கேட்பதில்லை. என்னையும் எவரும் சந்தேகிக்கவில்லை, நானாகவே வந்திருக்கிறேன்.

காரணம் உண்டு. கிதாபுக்கு நகல் எடுத்த குற்றத்தால் அன்று மதியம் நிலம் நடுங்கியது, பக்கத்துக் கிடங்கில் எண்ணெய் டின்கள் ஆடின என்று ராயபுரம் முழுக்கப் பேசுகிறார்கள். பூகம்பங்களின் வரலாற்றை நான்கு தலைமுறையாகக் காத்த குடும்பம் ஒரு பொய்யான பூகம்பத்தை ஒப்புக்கொள்ள முடியாது.

அன்று நிலம் நடுங்கவில்லை. ரஹீம் கதவை உதைத்தார். மாலை அஸர் பாங்குக்கு முன்பே அது நின்றுவிட்டது.