ஐந்தாவது ஆள் பற்றித் தாங்கள் கேட்டது

செங்கல்பட்டு,
18.11.2002

மதிப்பிற்குரிய நரசிம்மன் ஐயா அவர்களுக்கு,

போன டிசம்பரில் நாங்கள் வீடு கேட்டு வந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் கூடத்தில் இருந்தவர்கள்: பிரம்பு நாற்காலியில் தாங்கள், சமையலறை வாசலில் முக்காலி போட்டுத் தங்கள் மனைவி, ஜன்னலை ஒட்டித் தரையில் தரகர் செங்கல்வராயன், பெஞ்சின் ஓரத்தில் நான், எனக்குப் பின்னால் நின்றபடி என் மனைவி ரேணுகா. மோர் கொடுத்தீர்கள். உப்பு சரியாக இருந்தது.

மாடி வீட்டின் வாடகையை ஏன் குறைத்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னீர்கள். முன்பு குடியிருந்தவரின் தாயார் அவிட்ட நட்சத்திரத்தில் இறந்ததால் ஆறு மாதம் அடைப்பு. வீடு பூட்டிக் கிடந்தது. அதன்பிறகும் யாரும் வரவில்லை.

“மொத்தம் எத்தினி பேரு? படுத்த படுக்கையா யாருனா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. இன்னொரு அடைப்பு என்னால தாங்க முடியாது,” என்றீர்கள்.

நான் வாய் திறப்பதற்குள் செங்கல்வராயன் முந்திக்கொண்டார். “நாலே பேரு நைனா. இவுரு, வூட்டம்மா, பசங்க ரெண்டு. தும்முனா கூட வெளிய கேக்காது.”

தங்கள் மனைவி சிரித்தார். தெருவுக்கு வந்ததும் செங்கல்வராயன் என்னைப் பிடித்துக்கொண்டார். “இன்னா சார் முயிக்கிறே? பதினோரு வூடு காட்டிக்கீறேன். உன் சம்பளத்துக்கு ரெண்டு பெட்ரூமு இது ஒண்ணுதான் கீது. அக்காவ எங்கனா வுட்டுட்டு வா.”

அவர் சொன்னது என் அக்கா வேண்டாவை. மாமல்லபுரத்துச் சிலைப் பட்டறைகளில் இருபது வருடம் கல் தேய்த்தவர். அந்தக் கூலியில்தான் நான் பத்தாவது முடித்தேன். கல்தூள் அவர் நெஞ்சில் தங்கிவிட்டது. மல்லாந்து படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்று தலையணை அடுக்கிச் சாய்த்து வைப்போம். சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரே அறையில் ஐந்து பேர் இருந்தோம். மகள் ஹரிப்ரியா பத்தாம் வகுப்பு. கதவு உள்ள ஒரு அறை கேட்டாள். அதில் தவறில்லை.

அக்காவை விடுவதற்கு எங்கும் இடமில்லை. விசாரித்துப் பார்த்துவிட்டேன்.

தாங்கள் சாவி தருவதற்கு ஒரு மாதம் இருந்தபோது, ஒரு வியாழக்கிழமை, அக்காவுக்குத் தானாகவே மூச்சு இழுக்க ஆரம்பித்தது. பஞ்சாங்கம் பார்த்தேன். உத்திரட்டாதி. அடுத்தது ரேவதி, சனிக்கிழமை காலை 9.40 வரை. இரண்டுமே ஆறு மாத அடைப்பு. அப்போது போய்விட்டால் செய்தி தங்கள் காதுக்கு வரும், அடைப்புள்ள குடும்பத்துக்குச் சாவி கிடைக்காது. ஆகவே கம்பவுண்டரைக் கூட்டிவந்து ஊசி போடச் செய்தேன். இரண்டு நாள் லீவு எடுத்து அக்காவைத் தோளில் சாய்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

“பெத்த புள்ள கூட இப்டி பாக்காதும்மா,” என்று பக்கத்துப் போர்ஷன் எல்லம்மாள் அழுதார்.

சனிக்கிழமை காலை அக்கா தேறிவிட்டார். கஞ்சி கேட்டார், கொடுத்தேன். பத்து மணிக்கு அசுவினி. அடைப்பு இல்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். ரேணுகாவை ரேஷன் கடைக்கு அனுப்பினேன். உறை மாற்றுவதாகச் சொல்லித் தலையணைகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். அக்காவே தலையைத் தூக்கிக் கொடுத்தார். உறைகளை உண்மையாகவே மாற்றினேன். என் சட்டையைப் பிடித்த விரல்களை மெதுவாக விடுவித்தேன். பதினொன்றேகாலுக்கு முடிந்தது. அவருக்கும் குறையில்லை, தங்கள் வீட்டுக்கும் குறையில்லை.

காரியம் முடித்து, தை மாதம் இங்கே வந்து பால் காய்ச்சினோம்.

இப்போது தங்கள் நோட்டீஸ் வந்திருக்கிறது. உள்ளறையில் யாரோ இழுத்து இழுத்து மூச்சு விடுவது பகலிலும் கேட்கிறதாம். கீழ்வீட்டு லதா அம்மாள் சொன்னாராம். ஐந்தாவது ஆளை ஒளித்து வைத்திருப்பதால் அடுத்த மாதம் காலி செய்யவேண்டும் என்கிறீர்கள். அப்படி ஒருவர் இல்லை என்று காட்டவே இவ்வளவும் எழுத நேர்ந்தது.

ஹரிப்ரியா அந்த அறைக்குள் போவதில்லை, கூடத்தில்தான் படிக்கிறாள். நான் பீரோவில் வைத்துப் பூட்டும் தலையணைகள் மறுநாள் சுவரோரம் மூன்றாக அடுக்கியிருக்கின்றன. மகன் சரவணகுமாரின் குறும்பு. அவன் இல்லை என்கிறான். நான் மறுபடி பூட்டுகிறேன்.

இறப்புச் சான்றிதழ் நகல் இணைத்துள்ளேன். ஆகவே நாங்கள் நால்வர்தான். இன்னும் பதினொரு மாதத்துக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பித்துத் தரவேண்டும்.

உறையை ஒட்டி, பதிவுத் தபாலில் சேர்க்க இப்போதே புறப்படுகிறேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. வெளிக்கதவைப் பூட்டிவிட்டுப் போவேன். உள்ளறைக் கதவை மட்டும் சாத்துவதில்லை. சாத்தினால் அக்காவுக்கு மூச்சு முட்டும்.