கண்களை மூடி ஓட்டியவர்

மேடையில் வீற்றிருக்கும் பந்தயக் கழகத் தலைவர் அவர்களே, தலைமை மெக்கானிக் அவர்களே, அணித் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் அண்ணி அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த அணியில் பதினொரு ஆண்டுகளாக ஸ்டாப்வாட்ச் பிடிப்பவள் நான். மேடைப் பேச்சு பழக்கமில்லை. மறைந்த நம் வீரரின் பதினேழு வெற்றிகளைத் தலைவர் அழகாகச் சொல்லிவிட்டார். நான் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வந்திருக்கிறேன். இன்று காலை அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "நான் உடனே எழுப்பியிருந்தா அவர் பிழைச்சிருப்பாராம்மா?"

உங்களில் பலருக்கு இந்தக் கேள்வி புரியாது. அதனால் முதலில் அவரைப் பற்றிச் சொல்கிறேன்.

மணிக்கு இருநூறு கிலோமீட்டரில் பறக்கிறவருக்கு 'நிதானம்' என்று பெயர் வைத்த அணி வேறெங்காவது உண்டா? ரேடியோவில் நாம் பதறும்போதெல்லாம், காருக்குள்ளிருந்து அவர்தான் நமக்கு "நிதானம், நிதானம்" என்பார். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

பந்தயத்துக்கு முன்பு பணிமனை மூலையில் ஒரு மரநாற்காலியில் அமர்வார் நிதானம் அண்ணன். கண்களை மூடிக்கொள்வார். "ம்" என்பார், நான் பொத்தானை அழுத்துவேன். இல்லாத ஸ்டீயரிங்கைக் கைகள் திருப்பும். வலது கால் சிமென்ட் தரையை அழுத்தும். வளைவுகளில் தோள் மெல்லச் சாயும். பார்த்துக்கொண்டே இருந்தால் டயர் அடுக்கும் ஸ்பேனர் பலகையும் பின்னால் நகர்வதுபோல இருக்கும். கடைசி வளைவுக்கு முன் நீண்ட நேர்பாதை, பதினொரு வினாடி. அங்கே மட்டும் அசையவே மாட்டார். நானும் மூச்சை அடக்கிக்கொள்வேன். பிறகு மறுபடியும் ஒரு "ம்". பந்தயத் தளத்தில் ஒரு சுற்றை நிஜமாக ஓட்டும் நேரத்துக்கும் இதற்கும் அரை வினாடிகூட வித்தியாசம் இருக்காது!

நல்ல வெயில் நாளொன்றில் கண்ணைத் திறந்து, "ரெண்டாவது வளைவுல தூறல்" என்றார்.

"வைப்பரைப் போட்டியா, அதுக்கும் நான்தான் வரணுமா?" என்றார் மெக்கானிக். பணிமனையே சிரித்தது.

பிறகு அந்த விபத்து. வலது கணுக்கால் நொறுங்கியது. நடந்தாலே போதும் என்றார்கள். ஏழு மாதம் கழித்துக் கைத்தடியோடு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். அவருடைய சுற்று ஒரு நிமிடம் நாற்பத்திரண்டு வினாடி. அன்று நாற்பத்தாறு ஆயிற்று. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு யாரால் உண்மை சொல்ல முடியும்? "நாப்பத்திரண்டுண்ணா" என்றேன்.

அதை நம்பினார். மறுநாள் காலை தளத்தில், பழைய கால் பிரேக் பிடித்த இடத்தில் காயம்பட்டு மெதுவான காலால் பிடித்தார். கார் மூன்றாம் வளைவைத் தாண்டி மணலில் புதைந்தது. காயமில்லை. காலரிலிருந்து மணலை உதறிக்கொண்டே வந்தார்.

"நேத்து எவ்வளவு பாப்பா?"

"நாப்பத்தாறுண்ணா."

"ஆறுதல் சொல்ல வீட்ல ஆள் இருக்கு. உன்கிட்ட நான் நேரம்தான் கேட்டேன்."

அவ்வளவுதான். இடது காலால் பிரேக் பிடிக்கப் பழகினார். பதினான்கு மாதம், தினமும் காலையில் அந்த நாற்காலி. நாற்பத்தாறு, நாற்பத்தைந்தரை, சில வாரம் மறுபடி நாற்பத்தாறு. ஒரு நாள் நாற்பத்தொன்று புள்ளி எட்டு.

"ஆறுதலா?" என்றார்.

"நேரம்ணா."

அந்தப் பருவத்தின் கோப்பையை எல்லோரும் பார்த்தீர்கள். அந்தக் காலைகளை நான் பார்த்தேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு அண்ணி காபியோடு அறைக்குள் போயிருக்கிறார். அண்ணன் ஜன்னலோர நாற்காலியில் கண்மூடி அமர்ந்திருந்தார். கைகள் மடியில். அசைவில்லை. "நேர்பாதையில இருக்கார்னு நினைச்சேன்மா. நடுவுல கூப்பிட்டா அவருக்குப் பிடிக்காதே. காபியை மூடி வச்சுட்டு வந்துட்டேன்" என்றார் என்னிடம். பத்து நிமிடம் கழித்துப் போய்க் கையைத் தொட்டிருக்கிறார். கை குளிர்ந்திருந்தது.

இருபத்தாறு ஆண்டுகள் ஒருவரோடு வாழ்ந்தவரைத் தவிர வேறு யார் இப்படி நினைத்திருக்க முடியும்?

அண்ணி, எல்லோரும் உங்களைத் தேற்றுகிறார்கள். அதனாலேயே நீங்கள் யாரையும் நம்பவில்லை என்று தெரியும். அன்று வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டரை, நீங்கள் கேட்ட பிறகு போய்ச் சந்தித்தேன். "தேற்றுவதற்காகச் சொல்லாதீர்கள், எனக்கு நேரம் வேண்டும்" என்று கேட்டேன். இதயம் நின்றது மூன்று மணி வாக்கில் என்றார். நீங்கள் கதவைத் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே.

தோழர்களே, வரும் ஞாயிறு நம் கார் தளத்தில் இறங்கும். அதை யார் ஓட்டினாலும், இந்த அணியின் ஏட்டில் இனி பொய்யான நேரம் ஏறாது. இது அவர் படத்தின் முன்னால் நான் எடுக்கும் உறுதி.

அந்த உறுதியோடுதான் சொல்கிறேன், அண்ணி. அந்தப் பத்து நிமிடத்தில் நீங்கள் எதையும் இழக்கவில்லை. இது ஆறுதல் இல்லை. நேரம்.