குறுக்கே ஒரு கீறல்

இந்தக் காலத்தில் ஜனங்களுக்கு எதற்கெடுத்தாலும் அட்டை வேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் கேட் உடைந்தால் தூக்கிக்கொண்டு வருவார்கள், ஒட்டிக் கொடுப்பேன், ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். இப்போது கேட்டைக் கீழே வைப்பதற்கு முன்னாலேயே, "உங்ககிட்ட சர்டிபிகேட் இருக்கா?" என்கிறார்கள். இருக்கிறது என்று ஒரு அட்டையைக் காட்டினால் என்ன செய்வார்கள்? எழுத்துக் கூட்டிப் படிக்கவா போகிறார்கள்? தலையை ஆட்டிவிட்டு விலையைக் குறை என்பார்கள். கேட் அட்டையிலா தொங்கும், கீலில்தான் தொங்கும்.

இப்படிப் பேச ஆரம்பித்தால் என் பேத்தி, "தாத்தா ஆரம்பிச்சுட்டாரு" என்று எழுந்து போய்விடுவாள். நீங்கள் போகமாட்டீர்கள். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று நீங்கள்தானே கேட்டீர்கள். நிதானமாகச் சொல்கிறேன். இதில் மறைக்கிற மாதிரி ஒன்றும் இல்லை.

தெருக்கோடியில் என் வெல்டிங் பட்டறை. கீழே பட்டறை, மேலே வீடு, நடுவில் ஒரு இரும்புப் படிக்கட்டு. பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்ச நாள்தான் போனேன், அதிலும் பாதி நேரம் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்கள். அதனாலோ என்னவோ, வகுப்பில் உட்கார்ந்து தொழில் கற்றுக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. பக்கத்துத் தெருவில் வெல்டிங் வகுப்பு ஒன்று நடந்தது. பெஞ்சு, கரும்பலகை, மின்விசிறி. நெருப்போடு பழகப்போகிறவனுக்கு எதற்கு மின்விசிறி என்று வாசலில் நின்றே கேட்டுவிட்டு வந்தேன். மின்விசிறி இல்லாத என் பட்டறையில் ஒருத்தனும் ஒரு மாதத்துக்கு மேல் நின்றதில்லை என்பது வேறு விஷயம்.

என் மகனும் நிற்கவில்லை. வேறு ஊருக்கு வேலைக்குப் போனான், அங்கே வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். மருமகளும் கைக்குழந்தையும் என்னோடு தங்கிவிட்டார்கள். "மகன் கைவிட்டாலும் மாமனார் கைவிடலை" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நானும் அதை மறுக்கவில்லை. கேட்க நன்றாகத்தானே இருந்தது.

அந்தச் சமயத்தில் என் கண் போயிற்று. முழுதாகப் போகவில்லை, நடுவில் மட்டும். எதை நேராகப் பார்க்கிறேனோ அது இருக்காது, சுற்றி இருப்பதெல்லாம் இருக்கும். உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேனே, உங்கள் காது இரண்டும் நன்றாகத் தெரிகிறது. முகம் இருக்கிறது என்பது என் நம்பிக்கை. சின்னச் சின்ன ஒட்டுக்கெல்லாம் யார் ஷீல்டைத் தூக்கி முகத்துக்குப் பிடிப்பது என்று, கண்ணை இறுக மூடிக்கொண்டே வெல்டிங் வைத்துப் பழகியவன் நான். மற்றவர்களை மட்டும் ஷீல்டைப் பிடி, ஷீல்டைப் பிடி என்று திட்டுவேன். இதைச் சொன்னபோது கண் வைத்தியர் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன்.

கண் போனதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. மருமகள் அப்போது வெல்டிங் ராடு எடுத்துக் கொடுக்கிற வேலை செய்துகொண்டிருந்தாள். ஒரு நாள் ஒரு ஜன்னல் கம்பிக்கு வெல்டிங் வைத்தேன். தடவிப் பார்த்தால் காக்காய் எச்சம் போட்ட மாதிரி இருந்தது. வெறுத்துப்போய் டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து தடவினால் அதே இடம் வழவழவென்று சீராக ஓடியது. நான் வைத்ததைத் தேய்த்து எடுத்துவிட்டு அவள் வைத்திருந்தாள். எப்போது கற்றுக்கொண்டாள் என்று தெரியாது. நான் சொல்லித்தரவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து ஏற்பாடு இதுதான். கண் கூசும் என்று சாக்குத் திரை ஒன்று கட்டினேன். திரைக்குப் பின்னால் அவள் வெல்டிங் வைப்பாள். திரைக்கு முன்னால் நான் நின்று சத்தம் போடுவேன். "பெரியவர் கை பெரியவர் கைதான்" என்று சொல்லிப் பொருளை எடுத்துக்கொண்டு போவார்கள். பட்டறையில் எனக்கென்று மிஞ்சிய வேலை பாராட்டு வாங்குவது. அதில் ஒரு நாள்கூட விடுப்பு எடுத்ததில்லை. எங்கள் படிக்கட்டு துருப்பிடித்து ஆட்டம் கண்டபோது அதையும் அவள்தான் புதிதாகச் செய்தாள். கண் போனவனுக்கு ஏறி இறங்க அந்தக் கைப்பிடிதான் துணை.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில்தான் அட்டை வந்து நுழைந்தது.

துறைமுகத்தில் படகு கட்டுகிற இடத்துக்கு ஆள் எடுக்கிறார்களாம் என்று மருமகள் வந்து சொன்னாள். குடியிருக்க வீடு தருவார்களாம், பிள்ளைக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடமாம். வெல்டிங் சர்டிபிகேட் மட்டும் வேண்டுமாம்.

"அதுக்கு வருஷக்கணக்குல வகுப்புல ஒக்காரணுமே" என்றேன், நிம்மதியாக.

"வேணாமாம் மாமா. யார் வேணும்னாலும் நேராப் போய் டெஸ்ட் குடுக்கலாமாம். ரெண்டு தகட்டை ஒட்டிக் குடுக்கணும். அதை வெட்டி வளைச்சுப் பாப்பாங்க. விரிசல் விடலைன்னா அட்டை குடுத்துருவாங்க."

"அவ்வளவு சுலபமா எவன் குடுப்பான்? எங்கயோ ஏமாத்து இருக்கு."

"நீங்கதானே மாமா சொல்வீங்க, வகுப்புல ஒக்காந்தா கை வராது, நெருப்புகிட்ட நின்னாதான் வரும்னு."

சொல்லியிருக்கிறேன். தெருவில் பாதிப் பேரைப் பிடித்து வைத்துச் சொல்லியிருக்கிறேன். அதற்கு ருசுவாக ஒரே ஒரு ஆள் என் வீட்டிலேயே வந்து நிற்கும் என்று யோசிக்காமல் சொன்னது என் தப்பு.

அவள் போனால் பேத்தியும் போவாள். பட்டறையில் திரை இருக்கும், பின்னால் ஆள் இருக்காது. இதையெல்லாம் அவளிடம் சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். எப்படிச் சொல்வது? எனக்குக் கண் தெரியவில்லை, நீதான் சோறு போடுகிறாய் என்று ஒரு மாமனார் மருமகளிடம் சொல்வானா? அதைவிட, "சரிம்மா, நானே கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்வது சுலபமாக இருந்தது.

அந்தத் தேர்வைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். ஒட்டிய தகட்டிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு இரண்டு பட்டைகள் வெட்டுவார்கள். வெல்டிங் மேடிட்டு நிற்கும் இடத்தை கிரைண்டரால் மட்டமாகத் தேய்க்க வேண்டும். தேய்ப்பதற்கு மார்க் கிடையாது, கூட வந்தவரும் தேய்க்கலாம். அப்புறம் மெஷினில் வைத்து லாடம் மாதிரி வளைப்பார்கள். பட்டையை நீளவாக்கில்தான் தேய்க்க வேண்டும். குறுக்கே ஒரு கீறல் விழுந்தால், வளைக்கும்போது அந்தக் கீறல் வாயைத் திறந்துவிடும். கடைக்காரர் துணியைக் கிழிப்பதற்கு முன்னால் ஓரத்தில் கத்தரியால் சின்னதாக ஒரு வெட்டு வைப்பாரே, அந்த மாதிரி.

"நீ ஒக்காரும்மா, தேய்க்கறது நான் பாத்துக்கறேன். கை ஓஞ்சிருக்கும்" என்றேன். மகராசன் மாதிரி இருக்கிறாரே என்று பக்கத்தில் இருந்தவர்கள்கூடப் பார்த்தார்கள்.

இரண்டு பட்டையும் கிழிந்தன. மெஷின்காரர் ஃபெயில் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் அழவில்லை. தன் கைகளை மடியில் வைத்து, வேறு யாருடைய கையோ மாதிரி பார்த்துக்கொண்டு வந்தாள்.

"எல்லாருக்கும் எல்லாம் வந்துருமா. விடும்மா" என்று ஆறுதல் சொன்னேன். வீடு உடையாமல் இருக்க ஒரு இரும்புப் பட்டை உடைந்தால் என்ன குறைந்துபோயிற்று என்று எனக்குத் தோன்றியது. இப்போதும் அந்தக் கணக்கில் எங்கே தப்பு என்று சரியாகப் பிடிபடவில்லை.

அவள் விடவில்லை. வேலை முடிந்தபின் பழைய தகடுகளை எடுத்து வைத்துப் பழகினாள். கண் சிவந்து நீர் வடிந்தது. நான் ஈரத்துணி நனைத்து அவள் கண்ணில் வைத்தேன். இரண்டாம் தடவை கூட்டிப்போய் மறுபடியும் நானே தேய்த்தேன். மறுபடியும் கிழிந்தன.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. எதிர்வீட்டு மாடிக்காரி ஒரு நாள் பட்டறைக்கு வந்தாள்.

"பெரியவரே, உங்க மருமக வந்து எங்க பால்கனிக் கம்பியைப் புடிச்சு ஆட்டு ஆட்டுன்னு ஆட்டிட்டுப் போறா. இதுல சாயாதீங்கக்கா, நான் வெச்ச வெல்டிங், நிக்காதுங்கறா. நீங்க வெச்சதில்லையா அது?"

"அவளுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை" என்றேன்.

"உடம்பா, மனசா?"

"ரெண்டும்னு வெச்சுக்க."

அந்த வீடு மட்டுமில்லை. வேலை செய்து கொடுத்த வீடு ஒன்று விடாமல் மருமகள் போயிருக்கிறாள். கம்பியை ஆட்டிப் பார்த்து, பிள்ளைகளை ஏற விடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. அவை எல்லாமே யானை சாய்ந்தாலும் நிற்கும் என்று எனக்குத் தெரியும். பெரியவர் வைத்தது என்ற பெயர் இப்படித் தெருத்தெருவாகக் கரைகிறதே என்றுதான் கோபம். எங்கள் படிக்கட்டுக் கைப்பிடியையும் அவள் விடவில்லை. பிள்ளை அதில் சாயக்கூடாது என்று ஓரத்தில் கயிறு கட்டி, சுவர்ப் பக்கமாகவே ஏறப் பழக்கினாள்.

பேத்தி என்னிடம் வந்து கேட்டாள். "தாத்தா, அம்மா ஒட்டுனதெல்லாம் ஒடைஞ்சிருமா?"

"ஜாக்கிரதையா இருக்கறது நல்லதுதானே கண்ணு" என்றேன். பொய் ஒன்றும் இல்லையே. ஜாக்கிரதை நல்லதுதான்.

மூன்றாம் தடவை போகமாட்டாள் என்று நினைத்தேன். கிளம்பினாள். "அட்டைக்காக இல்ல மாமா. என் கையில என்ன கோளாறுன்னு அவங்ககிட்டயே கேட்டுடறேன். அப்புறம் ராடையே தொடமாட்டேன்" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் ராடைத் தொடாவிட்டால் பட்டறையில் வெல்டிங் வைப்பது யார்? மருமகளைப் பட்டறையில் நிறுத்திவைக்கப் போய், அவளை வெல்டிங்கே வேண்டாம் என்று சொல்ல வைத்திருக்கிறேன். என் மூளையின் லட்சணம் இது. ஆனாலும் மூன்றாம் தடவையும் குறுக்கேதான் தேய்த்தேன். இந்தத் தடவை தேறிவிட்டால் முன்னால் ஏன் கிழிந்தது என்று கேள்வி வருமே.

கிழிந்த பட்டைகளை அவள் கையோடு எடுத்துக்கொண்டு பெரிய தேர்வு அதிகாரி அறைக்குள் போனாள். நானும் பின்னால் போனேன். அவருக்குக் காது பெரிது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவள் பையிலிருந்து ஒரு துணியைப் பிரித்து, பழைய பட்டைகளையும் மேஜையில் வைத்தாள். எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறாள் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

காதுக்காரர் லென்ஸை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவசரமே படவில்லை.

"இங்க பாரும்மா. வெல்டிங் எதுலயும் கிழியல. எல்லாமே ஓரத்துல இருக்கற கீறல்லேருந்துதான் கிழிஞ்சிருக்கு. ஒரே மாதிரி, ஒரே இடத்துல. யார் தேய்ச்சா இதை?"

"மாமாதான் சார்."

"என்ன பெரியவரே, குறுக்கே தேய்க்கக் கூடாதுன்னு தெரியாதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "அவருக்குக் கண்ணு தெரியாது சார். வெளிய சொல்லிக்க மாட்டாரு. தப்பு என் மேலதான். எது நீளம் எது குறுக்குன்னு தெரியாதவர்கிட்ட நான் குடுத்திருக்கக் கூடாது."

அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து அதுவரை வந்ததே இல்லை. இத்தனை காலம் தெரிந்தே மூடிவைத்திருந்ததை, என்னைக் காப்பாற்றுவதற்காக எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டாள்.

"அடடா, பாவம்" என்றார் காதுக்காரர்.

கதவு திறந்துதான் இருந்தது. பாவம் என்ற பேச்சை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி வெளியே வந்திருந்தால் காரியம் அதோடு முடிந்திருக்கும். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் எது நீளம் எது குறுக்கு என்று எனக்குத் தெரியாதாம். எனக்கு.

"தெரியும்" என்றேன்.

ஒரு பட்டையை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவினேன். "இது நீளம். இது குறுக்கு. இந்தக் கீறல் கிரைண்டர் டிஸ்க்கோட விளிம்பால வெச்சது. அதுக்கு மேல நீளவாக்குல லேசா ஒரு தேய்ப்பு தேய்ச்சிருக்கு, சட்டுனு பாத்தா தெரியக்கூடாதுன்னு. கண்ணு தெரியாம தேய்ச்சா இவ்வளவு நேரா வருமா? மூணு தடவையும் நான்தான். தெரிஞ்சேதான் தேய்ச்சேன்."

இதைச் சொல்லும்போது என் குரலில் கொஞ்சம் பெருமை இருந்திருக்க வேண்டும்.

"மூணு தடவையுமா மாமா?" என்று கேட்டாள்.

"மூணு தடவையும்."

"அப்ப அந்தக் கம்பியெல்லாம்?"

"நல்லாத்தான் இருக்கு."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அதற்குப் பதில் சொல்ல நாலைந்து நியாயங்கள் தயாராக வைத்திருந்தேன், அவை வீணாய்ப்போயின. தகட்டில் பட்டைகளை வெட்டியபின் நடுவில் ஒரு துண்டு மிச்சம் இருந்தது. அதை வளைத்துப் பார்க்கலாம் என்று காதுக்காரர் சொன்னார். அவளே வெட்டி, அவளே தேய்த்தாள். கிரைண்டர் சத்தத்தை வைத்தே சொல்வேன், நீளவாக்கில்தான் தேய்த்தாள். மெஷின் முனகியது, நின்றது. வளைந்த பட்டையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். சூடு இருந்தது. வளைவில் கட்டைவிரலை ஓட்டினேன். எங்கேயும் வாய் திறக்கவில்லை.

"நீங்க போங்க மாமா" என்றாள். "நான் அட்டையை வாங்கிட்டு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துலேருந்து கூட்டிட்டு வந்துடறேன். துணிமணியெல்லாம் எடுத்து வைக்கணும்."

பட்டையை மேஜை மேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன். நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டு வளைந்துவிட்டால் ஆயிற்றா? படகுத் தளத்தில் உப்புக்காற்று, உயரம், தெரியாத ஆட்கள். அங்கே போய் இவள் எப்படிச் சமாளிப்பாள்? ஒரு அட்டையை நம்பி ஒரு பெண்ணின் கையில் படகை ஒப்படைக்கிறவர்களை என்ன சொல்வது? அவள் வெல்டிங்கை நம்ப முடியாது என்று சொல்ல வரவில்லை. ஆனால் நம்பிவிடவும் முடியாது. பஸ்ஸில் வரும்போது இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன், வீட்டு வாசலுக்கு வந்தபோதும் என் எண்ணம் மாறவில்லை.

பட்டறையைத் திறக்காமல் மேலே போனேன். படிக்கட்டில் அவள் கட்டிய கயிறு அப்படியே இருந்தது. அதை ஒதுக்கிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்து, எப்போதும்போல என் பாரம் முழுவதையும் அதன்மேல் சாய்த்து ஏறினேன்.