அக்கரப்பத்தனை பஸ்ஸில் ஒரு விசாரணை

திலக்ஷன்: சொல்லு சுலா... உள்ள எத்தன பேரு இருந்தாங்க?

சுலக்ஷனா: மூணு பேரு. நடுவுல ஒரு மேடம். மேசையில ஒரு தட்டு நெறைய பிஸ்கட். ஒருத்தரும் தொடல்ல.

திலக்ஷன்: நீ?

சுலக்ஷனா: விசாரணைக்கு வந்தவளுக்கு பிஸ்கட் குடுப்பாங்களா சேர்?

திலக்ஷன்: வெளாடாத. தாதிப் படிப்பு மூணாவது வருசம்... இப்ப போயி கெம்பஸ்ஸுலேருந்து நிப்பாட்டினாங்கன்னா...

சுலக்ஷனா: இன்னும் நிப்பாட்டல்ல. செவ்வாக்கெழம வரைக்கும் டைம் குடுத்திருக்காங்க. ஒரு பேப்பர்ல கையெழுத்து வச்சா முடிஞ்சுது. வைக்காட்டி ஒரு வருசம் வீட்டுல.

திலக்ஷன்: பேப்பர்ல என்னா இருக்கு?

சுலக்ஷனா: "நான் பேஸ்புக்ல எழுதினது தாதித் தொழிலோட ஒழுக்கத்துக்கு விரோதம். மன்னிக்கணும். இனிமே எந்த ஆஸ்பத்திரியப் பத்தியும் எங்கயும் எழுத மாட்டேன்."

திலக்ஷன்: வச்சிரு.

சுலக்ஷனா: அடேங்கப்பா... யோசிக்கக்கூட இல்ல. நல்ல வாத்தியாரு!

அழகன்: டிக்கட், டிக்கட்... அட! சேரும் மிஸ்ஸும் ஒரே சீட்டுலயா? அப்ப என் தபால் வேலைக்கு ஆபத்துதான்.

திலக்ஷன்: சும்மா இருங்கண்ணே...

அழகன்: உங்க ஸ்கூல்ல சிக்னல் இல்ல. ரெண்டு வருசமா இந்தக் கொண்டக்டர் அழகன்தானே டவரு! கெம்பஸ் கடுதாசி எல்லாம் இந்தக் கையாலதான் போச்சு. மிஸ், உங்க ஊரு நோர்வூட் பஸ் இது இல்லையே?

சுலக்ஷனா: தெரியும்ணே. இன்னைக்கு அக்கரப்பத்தனைக்கு.

திலக்ஷன்: அக்கரப்பத்தனைக்கா? அங்க உனக்கு யாரு இருக்கா?

சுலக்ஷனா: நீங்க இல்லையா?

திலக்ஷன்: எங்க... எங்க வீட்டுக்கா? அம்மா இருப்பாங்களே!

சுலக்ஷனா: மூஞ்சியப் பாரு, வெளுத்துப் போச்சு. பயப்படாதீங்க சேர். ஒடஞ்ச பாலத்தப் பாக்கணும். அதப் பத்தி எழுதினேனே ஒழிய, கண்ணால பாத்ததில்ல.

திலக்ஷன்: பாலத்துல என்னா இருக்கு பாக்க...

சுலக்ஷனா: மழைக்கு அது போனதாலதானே அந்தப் புள்ளத்தாச்சி அக்காவ ரெண்டு கம்புல கம்பிளியக் கட்டித் தூக்கிட்டு வந்தாங்க? வார்டுல தமிழ் தெரிஞ்சது ட்ரெய்னிங்குக்குப் போன நான் ஒருத்திதான். நான் டியூட்டிக்குப் போறதுக்கு முன்னாடியே சிங்கள ஃபோர்ம் ஒண்ண நீட்டி, கையெழுத்து வைன்னுட்டாங்க. ஆப்பரேசனுக்கா, வீட்டுக்குப் போறதுக்கான்னுகூடத் தெரியாம அவங்க வச்சாங்க. அத எழுதினேன். பொய்யா?

திலக்ஷன்: பொய்யில்ல.

சுலக்ஷனா: அப்ப?

திலக்ஷன்: மிச்சத்தையும் எழுதினியே.

சுலக்ஷனா: எத?

திலக்ஷன்: வெறகு...

சுலக்ஷனா: ஆமா, எழுதினேன்.

திலக்ஷன்: அத ஏன் எழுதின?

சுலக்ஷனா: அவங்க என் கையப் புடிச்சிக்கிட்டு அழுதாங்க. "ஒன்பதாவது மாசம்னு மாமியாரு என்னய வீட்டுக்குள்ளயே உக்கார வச்சிட்டாங்க. மூச்சு முட்டுச்சு தங்கச்சி. கிளினிக்குப் போறேன்னு பொய் சொல்லிட்டு, கூட்டாளிகளோட காட்டுக்கு வெறகு பொறுக்கப் போனேன். சறுக்கி விழுந்துட்டேன்"னு. படிக்கிறவங்க மனசு எளகட்டும்னு அதையும் சேத்துட்டேன். பேரும் இல்ல, தோட்டமும் இல்ல. யாருக்குத் தெரியப் போகுதுன்னு...

திலக்ஷன்: பேர மறச்சு என்னா பிரயோசனம்? கம்பிளியும் பாலமும் அப்படியே இருக்கே! இங்க ஒடஞ்சது ஒரே ஒரு பாலம். அதுல தூக்கிட்டு வந்தது ஒரே ஒரு புள்ளத்தாச்சி. தேயிலைக் கொழுந்து நிறுக்கிற எடத்துல ஃபோன வச்சு சத்தமா வாசிச்சிருக்காங்க.

சுலக்ஷனா: உங்களுக்கு எப்படி இவ்வளவு தெரியும்?

திலக்ஷன்: லயத்து வீடுகள்ல பேசிக்கிட்டாங்க.

சுலக்ஷனா: வேற என்னா பேசிக்கிட்டாங்க?

திலக்ஷன்: பொய் சொல்லி எங்க பேரப்புள்ளையக் கொல்லப் பாத்தவள்னு, மாமியாரு அவள வெளிய அனுப்பிட்டாங்களாம். இப்ப தாய் வீட்டுல இருக்கா.

சுலக்ஷனா: கடவுளே... பாப்பா?

திலக்ஷன்: நல்லா இருக்கு. விடிய விடிய கத்துது. தூக்கி வச்சுக்கிட்டு நடந்தாத்தான் தூங்குது.

சுலக்ஷனா: அதையும் லயத்துலதான் பேசிக்கிட்டாங்களா?

திலக்ஷன்: ...ஆமா.

சுலக்ஷனா: சரி. நீங்க சொல்லுங்க, நான் செஞ்சது பிழையா?

திலக்ஷன்: என் கிளாஸுல ஒரு புள்ள அழுதுகிட்டே வந்து வீட்டுக் கதையச் சொல்லுது. அத நான் ஊருக்கே எழுதினா நான் வாத்தியாரா?

சுலக்ஷனா: இல்ல.

திலக்ஷன்: அவ்வளவுதான்.

சுலக்ஷனா: அவ்வளவு இல்ல சேர். அந்தப் புள்ளைக்கு அடிச்சது உங்க ஸ்கூலாவே இருந்தா? அப்பவும் வாய மூடிக்கிட்டு இருக்கிறதுதான் ஒழுக்கமா?

திலக்ஷன்: அது... வேற.

சுலக்ஷனா: ரெண்டும் வேறதானே? அதத்தான் மேடம்கிட்டயும் சொன்னேன். வெறகுக் கதைய எழுதினது என் பிழை, எங்க வேணும்னாலும் மன்னிப்புக் கேக்கிறேன்னு. அவங்க அதக் காதுலயே போட்டுக்கல்ல. வந்த முறைப்பாட்டக் கையில வச்சுக்கிட்டே ஒரு மணித்தியாலமா கேட்டது ஒரே கேள்வி: ஃபோர்ம் சிங்களத்துல இருந்தத ஏன் எழுதின? வெறகப் பத்தி மூச்சே இல்ல!

திலக்ஷன்: அதெப்படி? முறைப்பாட்டுல ஃபோர்மப் பத்தி ஒரு வரிகூட இல்லையே!

சுலக்ஷனா: இல்லையேவா?

திலக்ஷன்: இல்ல... இல்லையான்னு கேட்டேன்.

சுலக்ஷனா: பஸ் ஏறினதுலேருந்து எல்லாத்தையும் கேட்டீங்க. பிஸ்கட்டக்கூட விடல்ல. முறைப்பாடு குடுத்தது யாருன்னு மட்டும் கேக்கவே இல்லையே?

திலக்ஷன்: ...யாரு?

சுலக்ஷனா: நிலக்ஷி. அந்த அக்காவேதான். கீழ கையெழுத்து போட்டிருக்கு.

அழகன்: பாலத்தடிச் சந்தி! எறங்கிறவங்க முன்னுக்கு வாங்க! சேர், உங்க எடம்...

திலக்ஷன்: ஒரு நிமிசம்ணே... சுலா, நிலக்ஷி எங்க அக்கா.

சுலக்ஷனா: ம்.

திலக்ஷன்: கடுதாசி எழுதினது அவ இல்ல, நான். அவ பேருல கையெழுத்தும் நான்தான் வச்சேன். அக்காவுக்குத் தெரியவே தெரியாது. கெம்பஸ் தாதி மாணவின்னு மட்டும் போட்டிருந்த அந்தப் பேர் இல்லாத பேஸ்புக் பக்கம் உன்னோடதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது சுலா. போன கெழம விசாரணைன்னு நீ எழுதினப்பதான்... அந்தக் கடுதாசி கெம்பஸ்ஸுக்குப் போகாமலே தொலைஞ்சிருக்கக் கூடாதான்னு தெனம் நெனக்கிறேன்.

சுலக்ஷனா: தொலைஞ்சுதான் போச்சு சேர். தபால்ல போடச் சொல்லி அழகன் அண்ணன்கிட்ட குடுத்தீங்க. அவரு கெம்பஸ்னு பாத்துட்டு, வழக்கம் போல ஹட்டன்ல என் கையில குடுத்துட்டாரு. உங்க எழுத்தப் பாத்து ஆசையா ஒடச்சேன். படிச்சு முடிச்சிட்டு ரொம்ப நேரம் ஸ்டேசன் பெஞ்சுலயே உக்காந்திருந்தேன். அக்கா பேருல வந்த முறைப்பாட்ட நானே மறச்சுட்டா, அப்புறம் என்னா மூஞ்சியோட ஆஸ்பத்திரியக் கேள்வி கேக்கிறது? புது கவர் வாங்கி, முத்திரை ஒட்டி, நான்தான் போட்டேன். வாங்க, எறங்குவோம்... நானும் அவங்களக் கேக்காம எழுதினேன், நீங்களும் கேக்காம எழுதினீங்க. செவ்வாக்கெழம பேப்பர்ல என்னா எழுதுறதுன்னு இந்தத் தடவ அக்காவக் கேப்போம்.